நோய்க்கிருமியை ஆயுதமாக்கினால் திருகோணமலையில் யாருக்கு முதலில் தெரியவரும்?

உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "கொரோனாவுக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் உயிரியல் ஆயுதம் என்றுதான் கதை. நாங்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். யாராவது கந்தளாய்க் குளத்தில் எதையாவது கலந்துவிட்டால், இல்லை கப்பலில் ஏதாவது வந்து இறங்கினால் எங்கள் கதி என்ன? அன்டிபயோட்டிக் வாங்கி வீட்டில் வைக்கலாமா? அரசாங்கத்திடம் ஏதாவது திட்டம் இருக்கிறதா?"

நான் இந்த மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, அதாவது எல்லாரும் சொல்கிற பி.எச்.ஐ. ஆக வேலை செய்து ஓய்வு பெற்றவன். தம்பி, திட்டம் இருக்கிறது. பார்த்தால் சிரிப்பீர்கள், அது ஒரு கடதாசி. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் குளத்தை முடித்துவிடுவோம்.

நகரத்துக்குக் குழாயில் வருகிற தண்ணீர் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர்தான், சரி. ஆனால் அது குளத்திலிருந்து நேராக உங்கள் வாளிக்கு வருவதில்லை. படிகாரம் போட்டுக் கலங்கலை அடியில் உட்கார வைத்து, வடித்து, குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். அவ்வளவு பெரிய குளத்தில் எந்தக் கிருமி விழுந்தாலும் கரைந்து மிகவும் நீர்த்துப்போகும், மிச்சத்தை வெயிலும் வடிகட்டலும் குளோரினும் பார்த்துக்கொள்ளும். நான் வேலையில் இருந்த காலத்தில் பயந்தது குளத்துக்கு இல்லை, வீட்டுக் கிணற்றுக்குத்தான். மாரி மழைக்கு வெள்ளம் ஏறி, மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே தண்ணீராகிவிடும், மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்ததும் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கிறதே என்று அள்ளிக் குடிப்பார்கள். நெருப்புக்காய்ச்சலும் வயிற்றோட்டமும் செங்கமாரியும் வர எந்த எதிரியும் தேவைப்படவில்லை.

அடுத்தது கப்பல். துறைமுகத்தில் கட்டியிருக்கும் கப்பலை எப்போதாவது கிட்டப் போய்ப் பார்த்திருந்தால், கரைக்கு வரும் கயிறுகளில் வட்டமாகத் தகடு கோத்திருப்பது தெரிந்திருக்கும். எலி கயிற்றில் நடந்து கரைக்கு இறங்காமல் இருக்கத்தான் அது. கொழும்புக்கு 1914-ல் பிளேக் வந்தது, வந்த வழி துறைமுகம். இன்று வரை அந்தத் தகடு தொங்குகிறது. சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் 2005-ன்படி, வெளிநாடுகளுக்கு ஓடுகிற கப்பல்களுக்குச் சுகாதாரச் சான்றிதழும் இருக்க வேண்டும், அது 6 மாதத்துக்குத்தான் செல்லும். சீனக்குடாவுக்குக் கோதுமை கொண்டு வருகிற கப்பலுக்கும் இதே சட்டம்தான்.

துறைமுகம் என்றதும் எங்கள் ஆட்களுக்கு 1942 ஞாபகம் வரும். ஏப்ரல் 9-ம் திகதி ஜப்பான் விமானங்கள் வந்து திருகோணமலையைக் குண்டு போட்டன, சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்த கதை இங்கே வயதானவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதே காலத்தில் அதே ஜப்பானின் தரைப்படை சீனாவில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 731-வது பிரிவு என்று ஒன்று, ஷிரோ இஷி என்ற இராணுவ வைத்தியர் தலைமையில். 1940 ஒக்டோபரில் நிங்போ நகரத்தின் மேல் பிளேக் பிடித்த தெள்ளுகளைத் தானியத்தோடு கலந்து விமானத்திலிருந்து கொட்டினார்கள், நூறு பேர் அளவில் இறந்தார்கள். கைதிகளை உயிரோடு வைத்துப் பரிசோதனை செய்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு சோவியத் ஒன்றியம் 1949-ல் கபரோவ்ஸ்கில் 12 பேரை விசாரித்துத் தண்டித்தது. இஷியை யாரும் தொடவில்லை, பரிசோதனைத் தகவல்களைக் கொடுத்ததற்காக அமெரிக்கா அவரை வழக்கிலிருந்து விட்டுவிட்டது. இதை வாசித்த நாளிலிருந்து, பெரிய நாடுகள் இந்த விடயத்தில் நீதி நியாயம் பேசும்போது நான் கொஞ்சம் தள்ளியிருந்துதான் கேட்கிறேன்.

பிரித்தானியாவும் சும்மா இருக்கவில்லை. அதே 1942-ல் ஸ்கொட்லாந்துக் கரையில் குருயினார்ட் என்ற சின்னத் தீவில் செம்மறி ஆடுகளைக் கட்டி வைத்து ஆந்த்ராக்ஸ் என்ற ஆட்டுமாட்டு நோயின் கிருமியை அடைத்த குண்டை வெடித்துப் பார்த்தார்கள். ஆடுகள் செத்தன. தீவும் செத்தது. 1986-ல் கடல் தண்ணீரில் ஃபோர்மல்டிஹைட் கலந்து நிலம் முழுவதும் ஊற்றித்தான் சுத்தம் செய்ய முடிந்தது, 1990 வரை யாரும் கால் வைக்கக் கூடாது. சொந்த நாட்டிலேயே ஒரு தீவை அரை நூற்றாண்டுக்குப் பூட்டி வைத்ததுதான் மிச்சம்.

இப்படிப்பட்ட ஆயுதத்தில் உள்ள கோளாறே அதுதான், விட்டவன் சொல் கேட்காது. ஜப்பானில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற கூட்டத்திடம் காசும் இருந்தது, படித்த ஆட்களும் இருந்தார்கள். 1993-ல் டோக்கியோவில் ஒரு கட்டடத்து மேல்மாடியிலிருந்து ஆந்த்ராக்ஸ் தெளித்தார்கள். அக்கம்பக்கத்தார் நாற்றம் என்று முறைப்பாடு செய்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை, ஒருவருக்கும் நோய் வரவில்லை. யூடியூப்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், இதற்கு யார் பார்க்கப் போகிறார்கள்.

சரி, பயமே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. 1979 ஏப்ரலில் சோவியத் ஒன்றியத்தில் ஸ்வேர்ட்லொவ்ஸ்க் நகரத்து இராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் காற்றில் கசிந்து குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சி தின்றதால் வந்தது என்று அரசாங்கம் சொன்னது, 13 வருடம் அதையே சொன்னது. 1992-ல்தான் ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சின் ஒப்புக்கொண்டார். பிறகு மெசல்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் கூட இருந்தவர்களும் அங்கே போய், இறந்தவர்களின் வீடுகளைத் தேடி, அன்றைக்கு அந்த ஆள் எங்கே நின்றார், எங்கே வேலை செய்தார் என்று குடும்பத்தாரிடம் கேட்டுக் கேட்டு வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். புள்ளிகள் எல்லாம் ஆய்வுக்கூடத்திலிருந்து தெற்கே சுமார் 4 கிலோமீட்டர் ஒடுங்கிய பட்டியாக விழுந்தன. ஏப்ரல் 2-ம் திகதி காற்று அடித்த திசை அதேதான். அதே கோட்டில் 50 கிலோமீட்டர் வரை ஊர்களில் ஆடு மாடும் செத்திருந்தது. பெரிய மெசின் ஒன்றும் இல்லை, வீடு வீடாகப் போய் "எங்கே இருந்தீர்கள்" என்று கேட்டதுதான். பி.எச்.ஐ. வேலை, தம்பி.

இப்போது அந்தக் கடதாசிக்கு வருகிறேன். எச்-544 என்று பெயர். ஆஸ்பத்திரியிலோ தனியார் கிளினிக்கிலோ ஒரு வைத்தியருக்கு, தன் முன்னால் இருப்பவருக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று இருக்கலாம் என்று சந்தேகம் வந்தவுடனேயே இதை நிரப்ப வேண்டும், இரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை காத்திருக்கக் கூடாது. நோயாளியின் பெயர், வயது, வீட்டு விலாசம், எந்த வார்ட், காய்ச்சல் எந்தத் திகதி தொடங்கியது. அது நோயாளி குடியிருக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனைக்குப் போகும், அங்கே பதிவேட்டில் ஏறும், அந்தப் பிரிவு பி.எச்.ஐ. கையில் வரும், அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டைத் தேடிப் போவார். கொலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் என்றால் கடதாசி போய்ச் சேரும் வரை இருக்க முடியாது, உடனே தொலைபேசி. சட்டம் 1897-ம் வருடத்துத் தடுப்புக்காப்பு, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் போட்டது, கொரோனா ஊரடங்குக் காலத்திலும் அதைத்தான் கையில் எடுத்தார்கள். சுகாதார வைத்திய அதிகாரி முறை 1926-ல் களுத்துறையில் தொடங்கியது. வாராவாரம் எல்லாப் பணிமனைகளிலிருந்தும் கணக்குக் கொழும்பு தொற்றுநோயியல் பிரிவுக்குப் போய்ச் சேரும், அங்கே இருப்பவர்கள் போன வருடம் இதே வாரம் எத்தனை, இந்த வருடம் எத்தனை என்று பார்ப்பார்கள். இப்போது கணினி வழியும் வந்துவிட்டது.

அந்த விலாசம் இருக்கிறதே, "கோயிலுக்குப் பின்பக்கம், திருகோணமலை" என்று எழுதி வரும். எங்கள் ஊரில் எத்தனை கோயில் இருக்கிறது என்று எழுதியவருக்குத் தெரியாதா? போன் நம்பரும் இருக்காது. கோணேசர் கோயிலில் தொடங்கி பத்திரகாளி அம்மன் கோயில், அதற்குப் பிறகு ஒழுங்கைக்கு ஒழுங்கை பிள்ளையார். அரை நாள் அலைந்து வீட்டைக் கண்டுபிடித்தால் பிள்ளை சுகமாகிப் பள்ளிக்கூடம் போயிருக்கும், வாசலில் இருந்த பழைய டயருக்குள் நுளம்புக் குடம்பி மட்டும் ஜோராக நெளிந்துகொண்டிருக்கும். இன்னொன்று, தனியார் கிளினிக்குகள். மாலையில் காய்ச்சல்காரர் கூட்டமாக நிற்பார்கள், அங்கிருந்து வருகிற எச்-544 மிகக் குறைவு. ஒருவரிடம் நேராகப் போய்க் கேட்டேன், "அதற்கெல்லாம் எங்கே நேரம்" என்றார். அணுகுண்டு தடுக்கிற மாதிரி உயிரியல் ஆயுதம் தடுக்கப் பெரிய கருவி வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும், எங்கள் ஓட்டை இங்கேதான்.

ஏனென்றால் கிருமித் தாக்குதல் சத்தம் போட்டு வராது. குண்டு வெடித்தால் எல்லாருக்கும் தெரியும், கிருமி வந்தால் சில நாள் கழித்து யாரோ ஒருவர் வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நின்று "காய்ச்சல், மேல் வலி" என்பார். 2001-ல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் தூளைக் கடித உறையில் வைத்து அனுப்பினார்களே, 22 பேருக்கு நோய், 5 பேர் இறப்பு, அது எப்படி வெளிவந்தது? உளவுத்துறை கண்டுபிடிக்கவில்லை. புளோரிடாவில் ஒரு தொற்றுநோய் வைத்தியர், மயங்கிய நிலையில் வந்த ஒருவரின் முள்ளந்தண்டு நீரை நுணுக்குக்காட்டியில் பார்த்து, இந்தக் கிருமி இங்கே இருக்கக் கூடாதே என்று சந்தேகப்பட்டு, உறுதியாகும் வரை காத்திராமல் உள்ளூர் சுகாதாரத் திணைக்களத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்துதான் எல்லாம். எங்கள் முறையில் அது ஒரு எச்-544.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 1984-ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், த டால்ஸ் என்ற சின்ன ஊரில், இந்தியச் சாமியார் ரஜ்னீஷின் ஆசிரமத்து ஆட்கள் சிலர் உள்ளூர்த் தேர்தலில் எதிர்ப்பக்கம் வாக்களிப்பவர்களைப் படுக்கையில் போடலாம் என்று சாப்பாட்டுக் கடைகளில் சலாட் வைக்கும் இடங்களில் சல்மனெல்லா என்ற கிருமியைக் கலந்தார்கள். 751 பேருக்கு வயிற்றுப்போக்கு, ஒருவரும் சாகவில்லை. சுகாதார அதிகாரிகள் வந்தார்கள், 10 கடைகளைக் கண்டுபிடித்தார்கள், சலாட் பகுதிகளை மூட வைத்தார்கள், நோய் நின்றது. ஆனால் வேண்டுமென்று செய்தது என்பதை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, சமையல்காரர் கை கழுவாததுதான் காரணம் என்று எழுதினார்கள். ஒரு வருடம் கழித்து ஆசிரமத்துக்குள்ளேயே சண்டை வந்து உண்மை வெளியே வந்தது. எனக்கு இதில் பிடித்த விடயம், யார் செய்தது என்று தெரியாமலே அவர்கள் நோயை நிறுத்திவிட்டார்கள். தாக்குதலா, இயற்கையா என்ற கேள்விக்குப் பொலிஸ் பதில் தேடட்டும், முதல் வாரத்தில் நோயாளிக்கு அது தேவையில்லை. கொரோனாவைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்பீர்கள். அது எங்கிருந்து தொடங்கியது என்பதில் இன்னும் இழுபறி இருக்கிறது, ஆனால் ஆயுதமாகச் செய்யப்பட்டதில்லை என்று அமெரிக்க உளவு அமைப்புகளே 2021-ல் சொல்லிவிட்டன.

எங்கள் பக்கத்து அனுபவத்தையே எடுங்கள். 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு அடித்தபோது ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, ஆட்கள் தெருவுக்கு இறங்கினார்கள். அந்த வருடம் நாடு முழுவதும் 1,86,000-க்கு மேல் டெங்கு நோயாளிகள். அப்போதும் சிலர், இது யாரோ கொண்டு வந்து விட்ட நுளம்பு என்றார்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அடுத்தடுத்து ஆட்கள் காய்ச்சலில் இறந்தபோது "மர்மக் காய்ச்சல்" என்று செய்தி ஓடியது, பரிசோதித்துப் பார்த்தால் எலிக்காய்ச்சல், வெள்ளத்தில் நின்ற வயலில் இருந்து வந்தது. மர்மம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அது இன்னும் பரிசோதனை முடியவில்லை என்பதற்குப் பத்திரிகைக்காரர் வைத்திருக்கும் பெயர்.

எலிக்காய்ச்சல் என்றதும் உங்கள் அன்டிபயோட்டிக் கேள்விக்கு வரலாம். வயல் வேலை தொடங்கும் காலத்தில் ஆபத்து உள்ள பகுதிகளில் விவசாயிகளுக்கு டொக்ஸிசைக்ளின் குளிசை கொடுக்கிறோம். தம்பலகாமம், கந்தளாய் வரம்புகளில் குளிசை அட்டையோடு நடந்திருக்கிறேன், "ஐயா, இது போட்டால் வயிறு எரியுது" என்று வாங்கி இடுப்புக் கச்சையில் சொருகிக்கொண்டு போட மாட்டார்கள், முன்னால் நின்று சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆந்த்ராக்ஸ் கடிதம் வந்தபோது அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று இதே டொக்ஸிசைக்ளின், 60 நாள் போட வேண்டும். அதாவது, யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்து, போட்டார்களா என்று பார்க்கத் தெரிந்த ஆட்கள் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். நீங்கள் பார்மசியில் வாங்கி அலுமாரியில் வைத்தால் என்ன நடக்கும்? பிள்ளைக்குத் தடிமன் வரும், பாதி அட்டையைக் கொடுப்பீர்கள். வைரசுக்கு அது ஒன்றும் செய்யாது, உடம்பில் உள்ள மற்றக் கிருமிகளுக்கு அந்த மருந்தைப் பழக்கிவிடும். எந்த நோய் என்று தெரியாமல் எந்த மருந்தை வாங்கி வைக்கப் போகிறீர்கள் என்பதும் இருக்கிறது.

மருந்தை விட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிலுக்கு அர்த்தமில்லை. நோய் வந்தவர் வெளியே சொல்ல வேண்டும். சொல்லப் பயந்தால் எந்தச் சட்டமும் வேலை செய்யாது. 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. புதைக்கலாம், ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது, இங்கே நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் சகோதரர்கள் நெஞ்சில் இது எப்படி இறங்கியிருக்கும்? ஆஸ்பத்திரிக்குப் போனால் மையித்து, அதாவது இறந்தவர் உடல், கிடைக்காது என்ற பயத்தில் மூச்சு முட்டினாலும் வீட்டிலேயே கிடந்தவர்கள் இருந்தார்கள், கதவைத் தட்டினால் "ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை" என்று உள்ளே இருந்து பதில் வரும், பின்னால் இருமல் கேட்கும். 2021 பெப்ரவரி கடைசியில்தான் விட்டார்கள், அதுவும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய்ப் புதைக்க. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. கேட்டது நல்லது, ஆனால் அந்த வீட்டுக் கதவு அடுத்த நோய்க்கு எவ்வளவு நேரத்தில் திறக்கும் என்பதை எந்த மன்னிப்பும் தீர்மானிக்காது. அமெரிக்காவிலும் இதே பிழை. ஆந்த்ராக்ஸ் கடிதம் போன நாடாளுமன்ற அலுவலகத்து ஆட்களுக்கு உடனே மருந்து கொடுத்தார்கள், அந்தக் கடிதத்தைப் பிரித்து அனுப்பிய தபால் நிலையத்துத் தொழிலாளர்களை நாள் கணக்கில் வேலை செய்ய விட்டார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். அந்தத் தபால் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர்கள். எங்களை யார் பார்த்தார்கள் என்று அவர்கள் கேட்டதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை.

சர்வதேசச் சட்டம் பற்றியும் கேட்டால், 1972-ல் உயிரியல் ஆயுத உடன்படிக்கை கையெழுத்துக்கு வந்தது, 1975-ல் நடைமுறைக்கு வந்தது, இலங்கையும் அதில் உண்டு. இரசாயன ஆயுதத்துக்கு இருப்பது போல் போய்ப் பார்த்துச் சோதிக்கிற அமைப்பு இதற்கு இல்லை. அப்படி ஒன்று உண்டாக்கப் பேசியது 2001-ல் அமெரிக்கா மறுத்ததோடு நின்றது. சோவியத் ஒன்றியம் கையெழுத்து வைத்த பிறகுதான் தன் திட்டத்தை இன்னும் பெருப்பித்தது, ஸ்வேர்ட்லொவ்ஸ்க் நடந்ததே உடன்படிக்கைக்குப் பிறகு. ஆகவே அந்த உடன்படிக்கையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். உங்கள் பிரிவுப் பி.எச்.ஐ. யார், நம்பர் என்ன என்று கேட்டுப் போனில் போட்டு வையுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்து நாள் தவறாமல் போடுங்கள். காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக்குக்குப் போனால், "டொக்டர், இது அறிவிக்க வேண்டிய நோயா, எழுதினீர்களா?" என்று கேளுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். ஆஸ்பத்திரியில் விலாசம் சொல்லும்போது கோயிலுக்குப் பின்பக்கம் என்று விடாமல் வீட்டு இலக்கமும் ஒழுங்கைப் பெயரும் போன் நம்பரும் கொடுங்கள். ஒரே நாளில் ஒரே தெருவில் பல பேர் விழுந்தால், நல்ல திடமான இளம் ஆட்கள் இரண்டு மூன்று நாளில் மோசமானால், காகமோ மாடோ ஆடோ கூட்டமாகச் செத்துக் கிடந்தால், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவதற்கு முன் எம்.ஓ.எச். ஒபிசுக்கு அழையுங்கள், மிருகம் என்றால் மிருக வைத்தியர் பணிமனைக்கும். செத்த மிருகத்தைத் தொட வேண்டாம், தோலுரிக்கவே வேண்டாம். உறையில் சந்தேகமான தூள் வந்தால் உதறாமல், மணக்காமல் அப்படியே வைத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, அறைக் கதவைச் சாத்தி, சோப் போட்டுக் கை கழுவி, 119-க்கு அழையுங்கள். அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள், வருகிறவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.